அளிந்த பழத்தின் வரலாறு

நமது சங்கத்தின் ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது அடியேன் சற்றே தயங்கினேன். மூவேந்தரைப் பற்றியும், கடல் கடந்த சோழரைப் பற்றியும் புலமை மிக்க அன்பர்கள் முந்தைய மலர்களில் எழுதிவிட்டனர். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில்வே பார்சல் அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கு எழுதி வரும் குமாஸ்தா ஒருவனுக்கு எட்டக்கூடிய வரலாறு எது? விடை என் மேஜைக்கு எதிரிலேயே இருந்தது. வைகாசி பிறந்துவிட்டால் எங்கள் அலுவலகத்தில் மாம்பழக் கூடைகள் கூரை முட்ட அடுக்கப்படும். முதல் நாள் அம்மணம் நெஞ்சை நிறைக்கும். வண்டி தவறி ஒரு நாள் தங்கிவிட்டால் மணத்தில் சிறிது புளிப்பு ஏறும். மூன்றாம் நாள் கூடையின் அடியிலிருந்து சாறு கசிந்து தரையில் ஓடும்; ஈ மொய்க்கும்; பெற்றுக்கொள்ள வந்தவர் முகம் சுளிப்பார். இருபது ஆண்டுகளாக இந்த மூன்று நாட்களின் போராட்டத்தைப் பார்த்து வருகிறேன். மனிதன் இம்மூன்று நாட்களை ஓராண்டாக நீட்டிய கதையைச் சொல்லலாமே என்று தோன்றிற்று.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. அழுகிய பழம் வேறு, அளிந்த பழம் வேறு. அளிந்தது என்பது கனிவின் எல்லையைச் சற்றே தாண்டியது. தோல் சுருங்கி, தொட்டால் விரல் பதியும். கத்தி வைத்து அழகாக நறுக்க இயலாது. ஆனால் இனிப்பு அதன் உச்சத்தில் இருக்கும். மாலை விளக்கேற்றும் வேளையில் கோல் பஜாரில் வியாபாரிகள் கூடையோடு விலை பேசித் தள்ளிவிடும் பழம் அதுதான். மாதக் கடைசியில் கூலியாளும் குமாஸ்தாவும் வாங்கக்கூடியதும் அதுவே. அரசர்களின் பழத்தோட்டங்களைப் பற்றி நூல்கள் உள. இந்த மாலைக் கூடையைப் பற்றி எழுதியோர் குறைவு.

நம் தமிழ் வீடுகளில் பாதுகாத்தல் என்றவுடன் நினைவுக்கு வருவன மாவடு, உப்பில் ஊறிய நாரத்தங்காய், வெயிலில் காய்ந்த வற்றல் வகைகள். சிந்தித்துப் பார்த்தால் இவை பெரும்பாலும் காயைக் காக்கும் வழிகளே. இவ்வழக்கம் இந்நாடு முழுவதற்கும் பொதுவானது. கி.பி. 14ஆம் நூற்றாண்டில் டில்லி வந்து தங்கிய மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா, பழுக்குமுன் உதிரும் மாங்காய்களை மக்கள் உப்பிட்டு ஊறவைப்பதைக் கண்டு, தம் நாட்டில் எலுமிச்சையை ஊறவைப்பதுபோல் இருக்கிறதென்று எழுதி வைத்தார். காய்க்கு உப்பு போதும். பழத்தின் செய்தி வேறு. அதில் சர்க்கரையும் நீரும் நிறைந்திருப்பதால், கண்ணுக்குத் தெரியாத ஈஸ்ட் என்னும் நுண்ணுயிருக்கு அது விருந்து மண்டபம். அந்நீரை நீக்கிவிட வேண்டும். அல்லது நுண்ணுயிர் அதைப் பருக இயலாதபடி கட்டிவைக்க வேண்டும். நீக்குவது வெயில், கட்டிவைப்பது சர்க்கரை. இவ்விரண்டுக்கும் இடையே நடந்த போட்டியே இவ்வரலாற்றின் பெரும்பகுதி.

16ஆம் நூற்றாண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஒரே நூற்றாண்டில் மூன்று வெவ்வேறு இடங்களில் பழத்தைக் காப்பது பற்றி மூவர் எழுதினர். ஒருவரை ஒருவர் அறியார்.

முதலாமவர் பாவமிச்ரர். அவர் வடமொழியில் இயற்றிய பாவப்பிரகாசம் என்னும் மருத்துவ நூலில் ‘ஆம்ராவர்த்தம்’ என்ற பண்டத்துக்கு இலக்கணம் கூறப்பட்டுள்ளது. பழுத்த மாம்பழத்தின் சாற்றைத் துணியில் பரப்பி வெயிலில் உலர்த்துக; உலர்ந்ததன்மேல் மீண்டும் மீண்டும் சாற்றை ஊற்றி உலர்த்துக என்பது அதன் கருத்து. அடுப்பு இல்லை, சர்க்கரை இல்லை, செலவு இல்லை. வங்காளிகள் ஆம்சத்தா என்றும், தெலுங்கர் மாமிடி தாண்ட்ர என்றும், இந்துஸ்தானியர் ஆம் பாப்பட் என்றும், மலையாளிகள் மாங்காத்தெர என்றும் இன்று வழங்குவது இதனையே. நூலில் ஏறிய ஆண்டு அது. வீட்டு முற்றத்தில் ஏறிய ஆண்டை யார் அறிவார்? மருத்துவர் கண்டுபிடித்து மாதர் கற்றனர் என்று நான் நம்பவில்லை. மாதர் செய்ததை மருத்துவர் எழுதி வைத்தார் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

இரண்டாமவர் அக்பரின் அமைச்சர் அபுல் பசல். அவருடைய அயினி அக்பரியில் ஓர் உபாயம் காணப்படுகிறது. பாதி கனிந்த மாம்பழத்தை இரண்டு விரற்கடை நீளக் காம்புடன் பறித்து, காம்பின் வெட்டுவாயை வெதுவெதுப்பான மெழுகால் அடைத்து, வெண்ணெயிலோ தேனிலோ இட்டு வைத்தால் இரண்டு மூன்று மாதம் சுவை மாறாதாம். நிறம் ஓராண்டு வரையிலும் இருக்குமாம். கருத்தைக் கவர்வதுதான், ஆயினும் பழத்துக்குப் படுக்கையாக வெண்ணெயும் தேனும் வைத்திருப்பவனுக்கே அது ஆகும். மேலும் அவர் கேட்பது பாதி கனிந்த, காம்போடு பறித்த, அடிபடாத பழம். நம் மாலைக் கூடையில் அத்தகைய பழம் ஒன்றுகூட இராது.

மூன்றாமவர் பெயரைக் கேட்டால் வாசகர்கள் வியப்பர். வருங்காலத்தை முன்கூட்டி உரைத்தவரென்று பத்திரிகைகள் அடிக்கடி குறிப்பிடும் பிரெஞ்சு நாட்டு நாஸ்திரடாமஸ்தான் அவர். அவர் 1555இல் வெளியிட்ட நூலின் ஒரு பகுதி பழங்களைச் சர்க்கரையிலும் தேனிலும் பக்குவப்படுத்துவது பற்றியது! அவருடைய ஆரூடங்கள் எத்துணை பலித்தனவோ, பழப்பாகு பலித்திருக்கும் என்று நம்பலாம்.

அவர் கையாண்ட சர்க்கரைக்கும் நமக்கும் உறவு உண்டு. கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கற்களாக உறையச் செய்யும் வித்தை இந்நாட்டில் பிறந்து, பாரசீகம் வழியாக அராபியரிடம் சென்று, அவர்கள் வாயிலாக ஐரோப்பாவை அடைந்தது. வடமொழியின் சர்க்கரா, ஆங்கிலத்தில் சுகர் ஆயிற்று. கண்டம், கேண்டி ஆயிற்று. போன பொருள் திரும்பவும் வந்தது. பழத்தைப் பாகில் ஊறவைத்த பண்டம் முரப்பா என்ற அராபியப் பெயருடன் இந்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. நம் மாநிலத்துப் பீர்பூம் மாவட்டத்தின் சூரி நகரம் முரப்பாவுக்குப் பெயர் பெற்றது என்பதைச் சாந்திநிகேதன் சென்று வந்த அன்பர்கள் அறிவர். மேற்கே கோவாவில் இன்னொரு கதை. போர்த்துகீசியர் தம் நாட்டில் மார்மெலோ என்னும் பழத்தைச் சர்க்கரையிட்டுக் கிண்டிக் கட்டியாக்குவர். மார்மலேட் என்ற ஆங்கிலச் சொல் அப்பழத்தின் பெயரிலிருந்தே பிறந்தது. கோவாவில் கொய்யாவை அவ்வாறே கிண்டினர். அது பெராட் என்ற பெயரில் இன்றும் கிறிஸ்துமஸ் தட்டில் இடம்பெறுகிறது. அந்தக் கொய்யா மரமும் அவர்கள் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்ததே.

ஆனால் சர்க்கரை நெடுங்காலம் செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. அது மலிந்த வகையை எண்ணினால் இனிப்பு சற்றுக் கசக்கிறது. முதலில் மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பு. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறை ஒழிந்தபின், 1834 முதல் மொரீஷியசுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் கப்பலேறினர். அவர்களில் தமிழர் பலர். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் தொகுதி ஆட்களை டர்பன் துறைமுகத்தில் இறக்கிற்று. 1874இல் இங்கிலாந்து சர்க்கரையின்மீதிருந்த வரியை அறவே நீக்கிவிட, அங்கு ஆலைத் தொழிலாளியின் ரொட்டிக்கும் ஜாம் கிடைத்தது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்த நாம், ஜாம் புட்டியைப் பார்க்கும்போது அக்கப்பலையும் நினைவுகூர்வது தகும்.

வெயிலும் சர்க்கரையும் அன்றி மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பிரான்சில் மிட்டாய்த் தொழில் செய்த நிக்கோலா அப்பேர் என்பவர், உணவைக் கண்ணாடிப் புட்டியில் இட்டுத் தக்கையால் இறுக மூடி, கொதிநீரில் வைத்துச் சூடாக்கினால் அது மாதக்கணக்கில் கெடாதென்று கண்டார். 1810இல் அவர் தம் முறையை நூலாக வெளியிட, அந்நாட்டு அரசு அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. அதே ஆண்டில் பீட்டர் டுராண்ட் என்பவர் இங்கிலாந்தில் தகர டப்பாவுக்குக் காப்புரிமை பெற்றார். ஏன் கெடவில்லை என்பதை அப்பேர் அறியார். ஐம்பது ஆண்டுகள் கழித்து லூயி பாஸ்டர் நுண்ணுயிர்களைப் பற்றி ஆராய்ந்த பிறகே காரணம் விளங்கிற்று. 1858இல் அமெரிக்காவில் ஜான் மேசன் திருகு மூடிப் புட்டிக்குக் காப்புரிமை பெற, அந்நாட்டு இல்லங்கள் தோறும் இம்முறை பரவியது. நம் நாட்டில் அது ஆலைத் தொழிலாகவே வளர்ந்தது. 1950இல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 1955இல் பழப் பண்டங்களுக்குத் தரம் விதிக்கும் ஆணை பிறந்தது. முற்றத்து வேலை கடைச் சரக்காயிற்று.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், அளிந்த மாம்பழம் ஒரு கூடை மலிவாகக் கிடைக்க, நானே ஜாம் செய்வதென்று முனைந்தேன். நம் பிள்ளைகளுக்கு இத்துணை சர்க்கரை எதற்கு என்று எண்ணிப் பாதியாகக் குறைத்தேன். எவ்வளவு நேரம் கிண்டியும் ஜாம் உறையவில்லை, கூழாகவே நின்றது. போகட்டும் என்று புட்டிகளில் நிரப்பி மூடி வைத்தேன். பத்து நாள் கழித்து நள்ளிரவில் சமையலறையில் வெடிச் சத்தம் கேட்டு வீடே விழித்தது. ஒரு புட்டியின் மூடி உத்தரத்தில் மோதி விழுந்திருந்தது. சுவரெல்லாம் மாம்பழக் குழம்பு. காற்றில் கள்ளின் வாடை. என் தாயார் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சுவரைத் துடைத்துக்கொண்டே, “இது வெயிலுக்குப் போக வேண்டிய பழமடா, அடுப்புக்குக் கொண்டுபோனாயே” என்றார்கள்.

காரணத்தைப் பிற்பாடு படித்து அறிந்தேன். ஜாம் உறைவதற்கு வேண்டிய பொருள் பெக்டின். 1825இல் பிரெஞ்சு விஞ்ஞானி பிரக்கோனோ அதனைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். காய் கனியும்போது அது உறையும் ஆற்றலோடு நிற்கிறது. பழம் அளியும்போது சிதைந்துபோகிறது. பழம் குழைவதே அதனால்தான். புளிப்பும் கூடவே குறைகிறது. ஆகவே அளிந்த பழத்தில் ஜாம் செய்ய விரும்புவோர் பாதிக்குப் பாதி செங்காய்ப் பழமோ, கொய்யாவோ சேர்த்து, எலுமிச்சம் பழமும் பிழிய வேண்டும். சர்க்கரையைக் குறைத்தது என் இரண்டாவது பிழை. முடிந்த ஜாமில் நூற்றுக்கு 65 பங்குக்குக் குறையாமல் சர்க்கரைச் சத்து நின்றால்தான் நீர் கட்டுப்படும். அதற்குக் கீழே போனால் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும், மூடி பறக்கும்.

நம்மவர்க்கு இது புதிய பாடமும் அன்று. பழனிப் பஞ்சாமிர்தத்தை எண்ணிப் பாருங்கள். நன்கு கனிந்த மலை வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, கற்கண்டு, தேன், நெய், பேரீச்சை. ஒரு சொட்டு நீர் சேர்ப்பதில்லை. இனிப்பின் மிகுதியே காவல். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாகர்கோவில், பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த நம் காலனிக் குடும்பங்கள் சக்கவரட்டியை அறிவர். பலாச்சுளையை வெல்லமும் நெய்யும் சேர்த்து உருளியில் கிண்டக் கிண்ட, கரண்டியில் ஒட்டாமல் திரண்டுவரும் பதம் அது. கிண்டுவோர் தோள் நோவதே அதன் அளவுகோல் என்று எங்கள் வரிசையில் ஒரு மாமி சொல்வார்.

ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஆம்சத்தாதான். என் பாட்டனார் பெங்கால் நாக்பூர் ரயில்வேயில் வேலைக்கு அமர்ந்து கரக்பூர் வந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சர்க்கரை பங்கீட்டுப் பொருளானது. பழத்தைச் சர்க்கரையிட்டுக் காப்பது கனவிலும் இயலாது. பாட்டியாருக்கோ மாவடுவைத் தவிர வேறு வழி தெரியாது. பழுத்தவற்றை அண்டை அயலார்க்குக் கொடுத்துவிடுவாராம். என் தாயார் மணமாகி இங்கு வந்தது 1976இல். அடுத்த குவார்ட்டர்ஸில் ஒரு தெலுங்குக் குடும்பம். பின் வரிசையில் ஒரு வங்காளிக் குடும்பம். தெலுங்கு அம்மையார் பனையோலைப் பாயில் வெல்லம் கரைத்த சாற்றை ஊற்றித் தாண்ட்ர போடுவார். வங்காளி மாசிமா தாம்பாளத்தில் கடுகெண்ணெய் தடவிச் சாற்றைப் பரப்புவார். இருவருக்கும் ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது; இருவரும் செய்தது ஒன்றே. என் தாயார் ஒருவரிடமிருந்து பாயையும் மற்றவரிடமிருந்து கடுகெண்ணெயையும் எடுத்துக்கொண்டார்கள். தாமாகச் சேர்த்தது ஒரு சிட்டிகை சுக்குப் பொடி.

செய்முறையை ஈண்டு விளக்கமாகவே கூறுகிறேன். அளிந்த பழங்களைக் கழுவி, கறுத்த இடத்தை அகலமாக வெட்டி எறிய வேண்டும். பூஞ்சை படர்ந்த பழத்தை முழுவதும் கழித்துவிடுவதே நலம். சாற்றைப் பிழிந்து மூங்கில் சல்லடையில் வடித்தால் நார் நீங்கும். வெல்லம், உப்பு, விருப்பமானால் சிறிது எலுமிச்சைச் சாறு கலந்து ஒரு கொதி விட்டு ஆற்றலாம். பழைய முறையில் அதுவும் இல்லை. எண்ணெய் தடவிய பாயில் தோசைக் கனத்துக்கு மேற்படாமல் பரப்பி, மேலே கொசுவலை கட்டி வெயிலில் வைக்க வேண்டும். கையில் ஒட்டாமல் காய்ந்தபின் அடுத்த படலம். அவசரப்பட்டு ஈரத்தின்மேல் ஊற்றினால் உட்புறம் புளித்துவிடும். ஆறேழு படலம் ஏற ஒரு வாரம், பத்து நாள் செல்லும். பிறகு துண்டு போட்டு உலர்ந்த தகரப் பெட்டியில் அடைத்தால் அடுத்த மாம்பழக் காலம் வரை வரும். மழைக்காலத்தில் ஒருமுறை எடுத்து வெயில் காட்டினால் போதும். ரவீந்திரநாத் தாகூர் தம் சிறுவயதில் கட்டிய பாட்டொன்று ஆம்சத்தாவைப் பாலில் இட்டு உண்ணும் இன்பத்தைப் பற்றியதென்று 1912இல் வெளிவந்த ஜீபன்ஸ்மிருதியில் நினைவுகூர்கிறார். பாலில் இட்டு உண்டு பார்த்தோர்க்கு அவர் கவியானதில் வியப்பு ஏற்படாது.

இதில் இடர்ப்பாடு ஒன்றே, காலம். இங்கு மாம்பழம் திரண்டு வருவது வைகாசி பிற்பகுதியில். தென்மேற்குப் பருவமழை ஆனி பிறக்கும் முன்னரே வந்து நிற்கும். இடையில் கிடைப்பது இரண்டு மூன்று வார வெயில். அதிலும் மாலையில் திடீரெனப் புயற்காற்று எழும்பும். அந்நாட்களில் எங்கள் வரிசையில் யார் வீட்டுப் பாயானாலும் முதல் தூறல் விழுந்தவுடன் கண்டவர் தூக்கி உள்ளே வைப்பது வழக்கம். பள்ளிப் பருவத்தில் நான் தூக்கிய பாய்கள் பல. தூக்கும்போது ஓரத்தைக் கிள்ளித் தின்றதற்கு வாங்கிய குட்டுகளும் பல.

இப்பொழுது அந்த முற்றத்துக்கே முடிவு நெருங்குகிறது. எங்கள் பழைய வரிசை இடிக்கப்பட உள்ளதென்றும், குடும்பங்களை மாடிக் கட்டடத்துக்கு மாற்றுவர் என்றும் அறிவிப்பு வந்துள்ளது. புதிய வீட்டில் குழாய் நீர் மேலே ஏறும், கூரை ஒழுகாது, அவற்றை வேண்டாமென்று சொல்ல நான் மூடன் அல்லேன். பார்த்துவிட்டு வந்தேன். பலகணி மூன்றடி அகலம், வடக்கு நோக்கியது. மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று காவலாளிக்கும் தெரியவில்லை. மின்சார உலர்த்தி என்று ஒன்று விற்கிறதாம். என் மகள் கைப்பேசியில் காட்டினாள். அதில் ஒரு பாயளவு சாறு கொள்ளாது என்றாலும் விலையை விசாரித்து வைத்திருக்கிறேன்.

இவ்வாண்டு வைகாசியில் என் தாயார், முழங்கால் நோவையும் பொருட்படுத்தாமல், பாயை விரித்தார்கள். தெலுங்கு அம்மையார் காலமாகி ஆண்டுகள் ஆயின. மாசிமா மகனோடு கல்கத்தாவில் இருக்கிறார். எங்கள் வரிசையில் விரிந்தது அந்த ஒரு பாய்தான். படலங்களை என் மகள் ஊற்ற, தாயார் நாற்காலியில் அமர்ந்து, கனம் போதும், ஓரத்தைச் சரிசெய் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆறாம் படலம் காயும் தறுவாயில் நான் அலுவலகத்தில் இருந்தேன். வானம் இருண்டதைப் பார்சல் அலுவலகச் சாளரம் வழியே கண்டு பதைத்து வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். எதிர் வீட்டுக்குப் புதிதாக வந்துள்ள பீகார்க் குடும்பத்துப் பையன் பாயைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டானாம். ஓரத்தில் ஒரு விள்ளல் குறைந்திருந்ததாம்.

ஏழாம் படலத்துக்கு வெயில் கிடைக்கவில்லை. ஆறோடு நிறுத்திக் காற்றாட வைத்து, நன்கு உலர்ந்தபின் துண்டு போட்டோம். ஆண்டு விழாவன்று ஒரு பெட்டி கொண்டுவருகிறேன். விரும்பும் அன்பர்கள் வரவேற்பு மேஜையருகே என்னைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.